படகு ஊருடையது... துடுப்பு யாருடையது? ஆனி மூலத்தில் ஆரம்பிக்கும் வள்ளம்களி கதை!

கொடைக்கானல் ஏரியில் பெடல் படகு மிதித்திருப்பீர்கள். செல்ஃபியும் எடுத்திருப்பீர்கள். ஆனால், அங்கிருந்து பஸ் பிடித்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி தாண்டி பூண்டி வரைக்கும் போயிருக்கிறீர்களா?

கேரட்டும் உருளைக்கிழங்கும் வெள்ளைப்பூண்டும் விளைகிற மேல்மலை கிராமம் அது. அதைத் தாண்டினால் கிளாவரை. அத்தோடு பஸ் ரூட் முடிந்தது. அதற்கு அப்பால் காடு, காட்டுக்கு அப்பால் கேரளத்தின் கோவிலூர், வட்டவடை. ரோடு இல்லாத காலத்திலிருந்தே இரண்டு பக்கத்துக்காரர்களும் நடந்தே போய் வந்துகொண்டிருந்த பாதை. (இப்போது வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் காலை வைத்துவிடாதீர்கள்.)

மலைக்கு இந்தப் பக்கம் நமக்கு ஒரு படகுப் போட்டி உண்டு. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் உருவாக்கிய கொடைக்கானல் ஏரியில், மே மாதக் கோடை விழாவின்போது நடப்பது. ஏரி வெட்டிய கையோடு தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து விட்டார் அந்த மனிதர். 1890-ல் படகு கிளப்பும் வந்துவிட்டது. அலங்காரப் படகு, கைதட்டல், பரிசு என்று ஜாலியான விஷயம்தான். சீசனுக்கு வந்த கூட்டத்துக்காக நடத்தப்படும் போட்டி.

மலைக்கு அந்தப் பக்கம் அடிவாரம் வரை இறங்கி, இன்னும் மேற்கே போனால், கடல் மட்டத்துக்கும் கீழே நெல் விளைகிற குட்டநாடு வருகிறது. அங்கேயும் படகுப் போட்டி உண்டு. ஆனால் ஒரு படகில் நூறு பேர். படகின் நீளம் நூறு அடிக்கும் மேலே. டூரிஸ்ட் என்ற சொல்லே இல்லாத காலத்திலிருந்து நடக்கிறது. வள்ளம்களி என்று பெயர். வள்ளம் என்றால் படகு, களி என்றால் விளையாட்டு. இரண்டுமே நமக்கும் தெரிந்த சொற்கள்தான்.

ரீல்ஸில் முப்பது விநாடி பார்த்துவிட்டு ஸ்க்ரோல் செய்துவிடுகிறோம். முழுக்கதையும் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த முறை பார்க்கும்போது வேறு மாதிரி தெரியும்.

ஒரு சாமி சிலை, ஒரு கிறிஸ்தவர் வீடு

குட்டநாட்டுப் போட்டிகளில் மூத்தது சம்பக்குளம் மூலம் வள்ளம்களி. ஆலப்புழா மாவட்டத்தில் பம்பை ஆற்றில், மலையாள மிதுன மாதம் மூல நட்சத்திரத்தன்று நடக்கும். நம் கணக்கில் ஆனி மூலம்.

இதன் பிறப்புக் கதையை அந்த ஊர்க்காரர்கள் இப்படிச் சொல்கிறார்கள். செம்பகச்சேரி ராஜா அம்பலப்புழாவில் கிருஷ்ணன் கோயில் கட்டினார். ஆமாம், பால்பாயசத்துக்குப் பேர்போன அதே அம்பலப்புழாதான். பிரதிஷ்டைக்கு முன்னால், செய்து வைத்த சிலையில் குறை இருப்பதாகத் தெரிந்தது. வேறு சிலைக்கு எங்கே போவது? குறிச்சியில் உள்ள கரிங்குளம் கோயிலில் ஒரு பழைய சிலை இருப்பதாகத் தகவல் வர, ஆட்கள் போய் அதைப் படகில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் இருட்டிவிட்டது. சம்பக்குளத்தில் மாப்பிளச்சேரி இட்டித்தொம்மன் என்கிற கிறிஸ்தவர் வீட்டில் சிலையை வைத்து, அங்கேயே இரவு தங்கினார்கள். காலையில் ராஜா வந்தார். சுற்றுவட்டார மக்கள் எல்லோரும் அலங்கரித்த படகுகளில் சேர்ந்துகொள்ள, ஆற்று வழியாகவே ஊர்வலமாகச் சிலை அம்பலப்புழா போய்ச் சேர்ந்தது. அந்த ஊர்வலத்தின் நினைவுதான் இந்தப் போட்டி. ஆண்டு 1545 என்று சொல்வார்கள்.

ஆண்டைப் பற்றி வரலாற்று ஆசிரியர்கள் வாதாடிக்கொள்ளட்டும். எனக்கு இதில் பிடித்தது, ஒரு கோயில் விழாவின் கதைக்கு நடுவே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் திண்ணை இருப்பது. போட்டி நாளில் கோயில் தரப்பினர் அந்த வீட்டுக்கும், சம்பக்குளத்தின் பழமையான மாதா தேவாலயத்துக்கும் போய்வருகிற சடங்கு உண்டு. அதற்குப் பிறகுதான் துடுப்பு தண்ணீரைத் தொடும். ஜெயிக்கும் படகுக்குக் கிடைப்பது ராஜபிரமுகன் கோப்பை. திருவிதாங்கூர் - கொச்சி மாநிலமாக இருந்த காலத்துப் பெயர் அப்படியே தங்கிவிட்டது.

ஏன் ஆனியில்? அங்கே புஞ்சை நெல் அறுவடை பங்குனி, சித்திரையோடு முடிந்துவிடும். அடுத்த விதைப்பு ஐப்பசி வாக்கில். நடுவில் தென்மேற்குப் பருவமழை. வயல் முழுக்கத் தண்ணீர், ஆற்றில் வெள்ளம், கையில் வேலை இல்லை. விவசாயியும் கூலிக்காரரும் சும்மா இருக்கிற இந்த இடைவெளியில்தான் குட்டநாட்டின் போட்டிகள் எல்லாமே அடுத்தடுத்து வருகின்றன. ஆனி மூலத்தில் சம்பக்குளம் ஆரம்பித்து வைக்கும். ஓணம் தாண்டியும் சீசன் ஓடும்.

பாம்பு இல்லை, சுண்டன்

பாம்புப் படகு என்று நாம் சொல்கிறோம், டூரிஸம் போஸ்டர்களும் அப்படித்தான் சொல்கின்றன. குட்டநாட்டுக்காரர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். அவர்களுக்கு அது சுண்டன் வள்ளம். பறவையின் அலகு போல நீண்ட முன்பகுதி இருப்பதால் அந்தப் பெயர். பின்பகுதி மட்டும் படமெடுத்த நாகம் மாதிரி பல அடி உயரத்துக்குத் தூக்கி நிற்கும். அதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வைத்ததுதான் பாம்பு.

முன்பகுதிக்கு அணியம், பின்பகுதிக்கு அமரம் என்று பெயர். நம் கடலோர மீனவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அணியம் என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்.

அயினிப் பலா மரத்தில் செய்கிறார்கள். அங்கே ஆஞ்சிலி என்பார்கள். நீளம் 100 அடியிலிருந்து 140 அடி வரை. ஆனால் அகலமோ இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்கிற அளவுதான். ஒல்லியாக, நீளமாக இருந்தால் தண்ணீரில் அலை எழுப்புவது குறையும், வேகம் கூடும். இன்ஜினீயரிங் படித்தவர்கள் சமன்பாடு போட்டுச் சொல்வதை அந்த ஆசாரிகள் கைக்கணக்கில் சொன்னார்கள். மீன் எண்ணெய், முட்டை, கொட்டாங்கச்சிக் கரி கலந்து அடிப்பகுதியில் பூசி வழவழப்பாக்குவது பழைய முறை.

உள்ளே யார் யார்? பெரும்பாலானவர்கள் துடுப்புக்காரர்கள். எல்லோரும் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் - கேம்பிரிட்ஜ் போட்டியில் பார்ப்பது வேறு ரகம், அதில் முதுகைக் காட்டிக்கொண்டு தண்டு வலிப்பார்கள், எதிரே இருப்பவர் மட்டும் வழி பார்ப்பார். சுண்டனின் அமரத்தில் நான்கைந்து பேர் நீளமான துடுப்புகளோடு நின்றபடி படகைத் திருப்புவார்கள். நடுவில் சிலர் நின்றுகொண்டு கட்டையால் பலகையில் இடிப்பார்கள். அந்த இடிதான் தாளம். பாட்டுக்காரர்களும் உண்டு. 64 துடுப்பு என்றால் 64 கலைகள், அமரத்தில் நாலு பேர் என்றால் நாலு வேதம் என்று விளக்கம் சொல்கிற பெரியவர்களும் உண்டு.

பாட்டு சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை. நூறு பேர் துடுப்பும் ஒரே கணத்தில் தண்ணீரில் இறங்க வேண்டும். ஒருவர் அரை நொடி பிந்தினால் முன்னால் இருப்பவர் துடுப்பில் இவர் துடுப்பு மோதும், படகு ஆடும், வேகம் போய்விடும். அந்தப் பாட்டு வகைக்கு வஞ்சிப்பாட்டு என்று பெயர். 18-ம் நூற்றாண்டில் ராமபுரத்து வாரியர் எழுதிய குசேல விருத்தம்தான் இதில் பிரசித்தம். துடுப்புப் போடுகிற தாளத்திலேயே செய்யுள் அமைந்திருக்கும்.

பெண் கேட்டு வந்த உளவாளி

இந்தப் படகின் ஆரம்பம் போர்ப்படகு என்கிறார்கள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது, சினிமாவாக எடுக்கலாம்.

செம்பகச்சேரிக்கும் காயங்குளத்துக்கும் ஓயாத சண்டை. செம்பகச்சேரி ராஜா, வேகமான போர்ப்படகு வேண்டும் என்று கேட்க, கொடுப்புன்ன வேங்கிட நாராயணன் ஆசாரி சுண்டனைச் செய்து கொடுத்தார். காயங்குளம் தோற்றது. உடனே அந்த ராஜா ஒரு பையனை ரகசியமாக அனுப்பினார். பையன் ஆசாரியின் மகளை மயக்கினான். நல்ல மாப்பிள்ளை கிடைத்துவிட்டான் என்று மகிழ்ந்த அம்மா, வித்தையைச் சொல்லிக்கொடுங்கள் என்று கணவரை நச்சரித்தார். ஆசாரி சொல்லிக்கொடுத்தார். ஒரு ராத்திரி பையன் எஸ்கேப்!

ராஜா ஆசாரியைச் சிறையில் போட்டார். அடுத்த சண்டையில் காயங்குளமும் சுண்டன்களோடு வந்தது. ஆனால் அந்தப் படகுகள் சரியாக ஓடவே இல்லை. ஆசாரி அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒப்புக்குத்தான். முக்கியமான நுணுக்கங்களை வாயே திறக்கவில்லை. விடுதலையும் மரியாதையும் கிடைத்தன. (அந்தப் பெண் என்ன ஆனார் என்று மட்டும் கதை சொல்பவர்கள் யாரும் சொல்வதில்லை.)

பாட்டுப் பாடி பரிமாறச் சொல்லும் ஊர்

அதே பம்பையில் கொஞ்சம் மேலே ஆரன்முளா. ஓணத்துக்குப் பிறகு உத்திரட்டாதி நாளில் அங்கே வள்ளம்களி. அங்குள்ள படகுகளுக்குப் பள்ளியோடம் என்று பெயர், பார்த்தசாரதி சாமிக்கு உரியவை. செருப்போடு ஏறக் கூடாது, துடுப்புக்காரர்கள் விரதம் இருக்க வேண்டும், பெண்கள் ஏறுவது வழக்கமில்லை. வேகத்தைவிடப் பாட்டும் அழகும்தான் அங்கே பிரதானம். காட்டூரிலிருந்து ஓண விருந்துக்கான சாமான்களோடு கோயிலுக்கு வரும் திருவோணத் தோணிக்குக் காவலாக ஊர்ப்படகுகள் கூடவே வந்த கதையைச் சொல்கிறார்கள்.

அங்கே வள்ள சத்யா என்று ஒரு விருந்து உண்டு. வேண்டுதல் வைத்தவர்கள் துடுப்புக்காரர்களுக்குப் போடும் சாப்பாடு, அறுபதுக்கும் மேற்பட்ட அயிட்டங்கள். துடுப்புக்காரர்கள் இலையில் உட்கார்ந்து, வேண்டிய பதார்த்தத்தைப் பாட்டாகப் பாடிக் கேட்பார்கள். கேட்டதை இல்லை என்று சொல்லாமல் பரிமாற வேண்டும். ஃபுட் விலாகர்கள் எல்லோரும் இங்கே போயாக வேண்டும் என்று தோன்றுகிறது!

நேரு குதித்தார், கோப்பை வந்தது

நீங்கள் ரீல்ஸில் பார்ப்பது பெரும்பாலும் நேரு கோப்பை. இது ஆற்றில் அல்ல, ஆலப்புழாவின் புன்னமடைக் காயலில். வயதில் சின்னது. 1952-ல் பிரதமர் நேரு கோட்டயத்திலிருந்து ஆலப்புழாவுக்கு நீர்வழியாக வந்தார். அவருக்காக ஒரு போட்டி நடத்திக்காட்டினார்கள். நடுபாகம் சுண்டன் முதலில் வந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர் பாதுகாப்பையெல்லாம் மறந்து, ஜெயித்த படகில் குதித்து ஏறிவிட்டார். டெல்லி போனதும் சுண்டன் வடிவத்தில் ஒரு வெள்ளிக் கோப்பை செய்து அனுப்பினார். பிரதமர் கோப்பை என்று இருந்தது, அவர் மறைவுக்குப் பின்னர் நேரு கோப்பை ஆனது.

ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை என்பது பல காலம் இருந்த வழக்கம். 2018 வெள்ளத்தில் குட்டநாடு மூழ்கியபோது நவம்பருக்குத் தள்ளிப்போனது. 2020, 2021-ல் கொரோனா. 2024-ல் வயநாடு நிலச்சரிவால் செப்டம்பர் 28-க்குப் போனது.

அந்த 2024 இறுதிப் போட்டியைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள். காரிச்சால் சுண்டன் 4 நிமிடம் 29.785 விநாடி. வீயபுரம் சுண்டன் 4 நிமிடம் 29.790 விநாடி. வித்தியாசம் ஐந்து மில்லி செகண்ட்! அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை நூறு பேர் உயிரைக் கொடுத்துத் துழாவி, கட்டை விரல் அகலத்தில் தோற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தோற்ற தரப்பு முறையிட்டது, தகராறு ஆனது, முடிவு மாறவில்லை. அடுத்த ஆண்டு, 2025 ஆகஸ்ட் 30 அன்று அதே வீயபுரம் சுண்டன் கோப்பையைத் தூக்கிவிட்டது.

சரி, துழாவுவது யார்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. காரிச்சால், வீயபுரம், நடுபாகம், சம்பக்குளம், பாயிப்பாடு... இவையெல்லாம் என்ன பெயர்கள்? பெரும்பாலும் ஊர்ப் பெயர்கள். கரை என்று அவர்கள் சொல்கிற ஊரார், வீட்டுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு வாங்கிய படகு. சீசன் இல்லாத மாதங்களில் மாலிப்புரை என்கிற நீளக் கொட்டகையில் தூங்கும். அதை மறுபடி ஆற்றில் இறக்கும் நாளுக்கு நீரணியல் என்று பெயர். அன்று ஊரே ஆற்றங்கரையில் நிற்கும்.

ஆனால் போட்டியில் அந்தப் படகை ஓட்டுவது அந்த ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2024-ல் காரிச்சால் சுண்டனைத் துழாவியது பள்ளாத்துருத்தி போட் கிளப். வீயபுரத்தைத் துழாவியது கைநகரி வில்லேஜ் போட் கிளப். படகு ஓர் ஊர், டீம் இன்னோர் ஊர். கிளப்கள் படகை எடுத்து, ஆட்களைச் சேர்த்து, வாரக்கணக்கில் கேம்ப் போட்டு, சாப்பாடு, பயிற்சி, சம்பளம் என்று பல லட்சங்களைச் செலவழிக்கின்றன. ஸ்பான்சர் இல்லாமல் முடியாது.

அந்த ஆட்களிலும் எல்லோரும் குட்டநாட்டுக்காரர்கள் இல்லை. கயாக்கிங், கனோயிங் வீரர்களும் படைப்பிரிவுகளில் வேலை பார்க்கும் வீரர்களும், வெளிமாநிலத்தவர்களும் வருகிறார்கள். அதனால்தான் நேரு கோப்பையில், படகில் வெளியாட்கள் கால்பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. மீறிவிட்டார்கள் என்ற புகார்களும் வரத்தான் செய்கின்றன. 2019-ல் கேரள சுற்றுலாத் துறை ஐ.பி.எல் பாணியில் சாம்பியன்ஸ் போட் லீக்கை ஆரம்பித்தது. ஒன்பது அணிகள், பன்னிரண்டு இடங்களில் போட்டி, அணிகளுக்கு டைட்டன்ஸ், டாமினேட்டர்ஸ் மாதிரி பெயர்கள். ஊர்ப் பெயர் இருந்த இடத்தில் பிராண்ட் பெயர்.

இது அநியாயம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. வயலில் வேலை செய்த கையே துடுப்பையும் பிடித்தது, இப்போது காசு வாங்கிய கை பிடிக்கிறது என்பது அவர்கள் வருத்தம். எதிர்த் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. நூறு பேர் வேண்டும். குட்டநாட்டு இளைஞர்களில் பாதிப் பேர் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருந்தால் அந்த நூறு பேருக்கு எங்கே போவது? வேலைக்குப் போகிற பையன் ஒரு மாதம் லீவு போட்டு கேம்ப்பில் உட்கார்ந்தால் வீட்டுக்கு யார் சம்பாதிப்பது? சம்பளம் கொடுக்கிற போட்டி வந்ததால்தான் சில பையன்கள் ஊரிலேயே துடுப்போடு இருக்கிறார்கள்.

என் ஓட்டு, கால்பங்கு விதியைக் கறாராக வைத்திருக்க வேண்டும் என்பதற்கு. சம்பளம் கொடுங்கள், லீக் நடத்துங்கள். ஆனால் படகின் அணியத்தில் எழுதியிருக்கிற ஊர்ப் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிப்பதற்கு அந்தக் கரையில் யாராவது இருக்க வேண்டும் இல்லையா? தன் பக்கத்து வீட்டு அண்ணன் துழாவுகிற படகுக்குக் கத்துவதும், வாடகை டீமுக்குக் கத்துவதும் ஒன்றல்ல.

பெண்கள் பக்கம் வேறு கதை. சுண்டனில் அவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது. தெக்கனோடி என்கிற சிறிய வகைப் படகில்தான் பெண்கள் போட்டி. 2023 சம்பக்குளம் போட்டியில் பெண்கள் போன படகு ஒன்று கவிழ்ந்து, எல்லோரும் மீட்கப்பட்டார்கள். செய்தியில் அது விபத்தாக மட்டும்தான் வந்தது. நல்ல மழைக்காலத்து பம்பையில் பெண்கள் போட்டிக்கு இறங்குகிறார்கள் என்பதையே பலர் அன்றுதான் தெரிந்துகொண்டார்கள்.

சின்னப் படகுகளின் பெயர்களையும் சொல்லிவிடுகிறேன், கேட்க நன்றாக இருக்கும். வெப்பு வள்ளம், சுண்டன் கூடவே சமையல் சாமான்களோடு போனது. இருட்டுக்குத்தி, ராத்திரியில் இருட்டைக் கிழித்துக்கொண்டு போகிற கடத்தல் படகு. சுருளன், இரண்டு முனையும் சுருண்டிருக்கும்.

நம்மிடமும் ஒன்று இருக்கிறது

தமிழ்நாட்டில் ஆற்றில் நடக்கிற பழைய போட்டி இல்லையா என்றால், சென்னை அடையாறு. 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்புக்கும் கொழும்பு ரோயிங் கிளப்புக்கும் 1898-ல் ஆரம்பித்த போட்டி இது. மாறி மாறி இங்கேயும் அங்கேயும் நடக்கிறது. ஆண்களுக்கு தீபம் கோப்பை, பெண்களுக்கு அடையாறு கோப்பை. வெள்ளைக்காரர்கள் தேம்ஸ் நினைப்பில் கொண்டுவந்த, முதுகு காட்டித் தண்டு வலிக்கிற ரகம். ஆக்ஸ்ஃபோர்ட் - கேம்பிரிட்ஜ் போட்டியே 1829-ல்தான் தொடங்கியது. சம்பக்குளம் கதையின் 1545-ஐ நம்பினால், அது அந்தப் போட்டிக்கும் கிட்டத்தட்ட முந்நூறு வருடம் மூத்தது. அடையாறு போட்டி கிளப் மதில்களுக்குள் நடப்பதால், நகரத்தில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

போய்ப் பார்க்க வேண்டுமா?

நேரு கோப்பைக்கு டிக்கெட் உண்டு, கூட்டம் பயங்கரம், ஹோட்டல் ரேட் எகிறும். முதல் தடவை என்றால் சம்பக்குளத்துக்குப் போங்கள். ஆறு அகலம் குறைவு, கரையில் நின்றாலே துடுப்பு தெறிக்கிற தண்ணீர் மேலே படும்.

பூண்டி, மன்னவனூர் பக்கமிருந்து கிளம்புகிறவர்கள் கொடைக்கானல் வந்து, இறங்கி தேனி, கம்பம் வழியாகக் குமுளி. அங்கிருந்து கோட்டயம், சங்கனாச்சேரி. சங்கனாச்சேரியிலிருந்து ஆலப்புழா போகும் ரோடு குட்டநாட்டு வயல்களுக்கு நடுவே போகும், நெடுமுடி பக்கம் இறங்கினால் சம்பக்குளம் அருகில்தான். முதல் நாளே போய்விடுங்கள், போட்டி மதியத்துக்கு மேல்தான். ஆனியில் மூல நட்சத்திரம் என்று வருகிறது என்று உங்கள் வீட்டு காலண்டரிலேயே இருக்கும். குடையை நம்பாதீர்கள், காற்றில் திரும்பிக்கொள்ளும். ரெயின்கோட் எடுத்துக்கொள்ளுங்கள், போனுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர். பக்கத்தில் நிற்பவரிடம் "உங்க ஊர் படகு எது?" என்று கேளுங்கள். மலையாளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கை நீட்டிக் காட்டுவார்.